404! வீடு இருக்கிறது, விலாசம் எங்கே?

இரவு 8 மணி. புனேயில் இருக்கும் மகள், மதுரையில் இருக்கும் அம்மாவைப் போனில் அழைத்தாள்.

"அம்மா! இங்கே எல்லோருக்கும் சளி. கண்டந்திப்பிலி ரசம் வைக்கலாம் என்று நீ எழுதிய பக்கத்தைத் திறந்தேன். வரவில்லையே!"

"வரவில்லையா? என்னடி வருகிறது?"

"404 என்று ஒரு எண் வருகிறது. பக்கம் காணவில்லையாம்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

12 வருடங்களாக அவர் வலைப்பூ ஒன்றில் சமையல் குறிப்பு எழுதி வருகிறார். பாதிக் குறிப்புகள் மாமியார் சொல்லக் கேட்டு எழுதியவை. மாமியார் இன்று உயிரோடு இல்லை. நோட்டில் எதையும் எழுதி வைக்கவும் இல்லை.

ஒவ்வொரு குறிப்பாகத் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் 404!

மகன் ஓடி வந்தான். "எல்லாம் கெட்டுப்போய்விட்டது, அம்மா. மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்றான்.

அம்மா சம்மதிக்கவில்லை. சம்மதித்திருந்தால், அப்போதுதான் எல்லாம் போயிருக்கும்!

இந்தக் குடும்பம் கற்பனை. ஆனால் இந்தத் தொல்லை கற்பனை அல்ல. சொந்தமாக வலைப்பூ வைத்திருக்கும் யாருக்கும் இது வரலாம். வந்தால் என்ன செய்வது? பார்ப்போம்.

404 என்றால் என்ன?

இன்டர்நெட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. நீங்கள் லிங்கைத் தொட்டதும், அந்த விலாசம் எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குப் போகிறது. அதன் பெயர் சர்வர். கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை.

கொடுக்கும்போது சர்வர் ஓர் எண்ணையும் சேர்த்து அனுப்பும். பக்கம் கிடைத்தால் 200. இது நம் கண்ணுக்குத் தெரியாது. 3ல் தொடங்கும் எண் வந்தால், "வேறு இடத்தில் பார்" என்று அர்த்தம். 4ல் தொடங்கினால், கேட்டதில் ஏதோ கோளாறு. 5ல் தொடங்கினால், சர்வரிலேயே கோளாறு.

404 என்றால், "இந்த விலாசத்தில் ஒன்றும் இல்லை" என்று பொருள்.

தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறார். "இந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை" என்கிறார். உடனே அந்த மனிதர் இறந்துவிட்டார் என்று அழுவோமா? கதவு எண் தப்பாக இருக்கலாம். அவர் வீடு மாறியிருக்கலாம். 404ம் அப்படித்தான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 404 வந்தால், சர்வர் வேலை செய்கிறது என்று அர்த்தம். படுத்துவிட்ட சர்வர் பதிலே சொல்லாது!

அறை எண் 404?

இந்த எண்ணைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அருகே 'செர்ன்' என்ற ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கேதான் 1989ம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற இங்கிலாந்து விஞ்ஞானி உலக வலைக்குத் திட்டம் போட்டார். அங்கே 404ம் எண் அறையில் முதல் சர்வர் இருந்ததாம். அதனால்தான் இந்த எண் வந்ததாம்!

இது வெறும் கட்டுக்கதை. பெர்னர்ஸ்-லீயுடன் சேர்ந்து உழைத்த ராபர்ட் காயோ என்பவரே இதை மறுத்திருக்கிறார்.

ஒன்றா, எல்லாமா?

404 வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: ஒரு பக்கம் மட்டும் வரவில்லையா? எல்லாப் பக்கங்களுமே வரவில்லையா?

ஒரு பக்கம் மட்டும் வராவிட்டால், விலாசத்தை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போது கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி ஒட்டிக்கொள்வது உண்டு. ஒரு எழுத்து விட்டுப்போவதும் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வகை இருக்கின்றன அல்லவா? பல சர்வர்களுக்கு அவை வேறு வேறு. படத்தின் பெயரில் பெரிய எழுத்துக்குப் பதில் சின்ன எழுத்துப் போட்டால், படம் வராது.

விலாசம் சரியாக இருந்தால், வலைப்பூவின் உள்ளே போய்ப் பாருங்கள். கட்டுரை வெளியிடப்பட்டிருக்கிறதா? கைதவறி 'டிராப்ட்' நிலைக்குப் போய்விட்டதா? குப்பைத் தொட்டியில் கிடக்கிறதா? வேர்ட்பிரஸில் குப்பைத் தொட்டிக்குப் போன கட்டுரை, வழக்கமாக 30 நாள் அங்கே இருக்கும். அதற்குள் மீட்டுவிடலாம். பிறகு அது நிரந்தரமாக அழிந்துவிடும்.

முகப்பு வருகிறது, உள்ளே வரவில்லை!

நம் மதுரை அம்மாவுக்கு வந்தது இரண்டாவது வகை. வலைப்பூவின் முகப்புப் பக்கம் நன்றாக வந்தது. உள்ளே இருக்கும் ஒரு குறிப்பும் வரவில்லை.

காரணம் என்ன? முதல் நாள்தான் மகன் வலைப்பூவை வேறு கம்பெனியின் சர்வருக்கு மாற்றியிருந்தான். அங்கே வாடகை குறைவு.

அது வேர்ட்பிரஸ் வலைப்பூ. வேர்ட்பிரஸில் நாம் எழுதுவதெல்லாம் 'டேட்டாபேஸ்' என்ற பெட்டகத்தில் இருக்கும். எந்த விலாசம் கேட்டு வந்தாலும், "வேர்ட்பிரஸைக் கேள்" என்று சர்வருக்கு வழிகாட்ட ஒரு சின்னக் கோப்பு உண்டு. 'அப்பாச்சி' என்ற வகை சர்வரில் இது வழக்கம். அந்தக் கோப்பின் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். அப்படித் தொடங்கும் கோப்புகள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். மற்றதையெல்லாம் நகல் எடுத்தவன், இதை விட்டுவிட்டான்.

வீடு மாறும்போது சாமான் எல்லாம் வந்துவிட்டது. வாசலில் வழிசொல்லும் காவல்காரர் மட்டும் பழைய வீட்டிலேயே நின்றுவிட்டார்!

மருந்து மிகவும் எளிது. வேர்ட்பிரஸின் உள்ளே போங்கள். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பெர்மாலிங்க்ஸ்' என்பதைத் திறவுங்கள். எதையும் மாற்றாதீர்கள். கீழே உள்ள 'சேவ் சேஞ்சஸ்' பொத்தானை மட்டும் அழுத்துங்கள். வழிகாட்டும் விதிகளை வேர்ட்பிரஸ் புதிதாக எழுதிக்கொள்ளும்.

அப்படியும் சரியாகவில்லையா? வேறு போனில் திறந்து பாருங்கள். உங்கள் போன் பழைய 404 பக்கத்தையே பிடித்து வைத்திருக்கலாம். பிறகு, சமீபத்தில் சேர்த்த 'பிளக்-இன்'களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், சர்வர் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். "முகப்பு வருகிறது, உள் பக்கங்கள் வரவில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

எது செய்தாலும், முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அழிப்பது கடைசியிலும் கடைசி!

விலாசம் மாறினால் சொல்லிவிட்டுப் போங்கள்

வீடு மாறினால் தபால் ஆபீசில் புது விலாசம் கொடுக்கிறோம். பக்கத்தின் விலாசத்தை மாற்றினாலும் அப்படிச் செய்ய வேண்டும். அதற்கான எண் 301. "நிரந்தரமாக இங்கே குடிபோய்விட்டேன்" என்று அதற்குப் பொருள். பழைய லிங்கைத் தொட்டவரை, சர்வரே புதிய பக்கத்துக்கு அழைத்துப் போகும். பிளாக்கர் வலைப்பூவில் இந்த வசதி 'செட்டிங்ஸ்' பகுதியிலேயே இருக்கிறது. வேர்ட்பிரஸுக்கு இதற்கென்றே பிளக்-இன்கள் உண்டு.

விலாசத்தை மாற்றாமலே இருப்பது இன்னும் நல்லது. டிம் பெர்னர்ஸ்-லீயே இதை வற்புறுத்தி 1998ம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் எத்தனை பேர் கேட்டார்கள்? அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் 2024ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2013ல் இருந்த பக்கங்களில், 10 ஆண்டுகளுக்குள் 100க்கு 38 கிடைக்காமல் போய்விட்டன!

நிஜமாகவே அழிந்துவிட்டால்?

அதற்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் 1996ல் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. உலகத்தின் வலைப் பக்கங்களை நகல் எடுத்துச் சேர்த்து வைப்பது அதன் பணி. 2001ல் அந்த நகல்களை எல்லோரும் பார்க்க வழி செய்தது. அதற்கு 'வேபேக் மெஷின்' என்று பெயர். அதில் பழைய விலாசத்தைப் போட்டுத் தேடலாம். காசு கிடையாது.

எல்லாப் பக்கங்களும் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே உங்கள் முக்கியமான பக்கங்களை இன்றைக்கே அங்கே கொடுத்துச் சேர்த்து வையுங்கள். அதற்கும் அதில் வசதி இருக்கிறது.

மதுரையில் அன்று இரவு என்ன நடந்தது?

அம்மா அந்தப் பொத்தானை அழுத்தினார். ஒரு நிமிஷம் கழித்து மகளிடமிருந்து போன் வந்தது.

"வந்துவிட்டது, அம்மா! மிளகு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

அம்மா போனை வைத்தார். மகனைக் கடைக்கு அனுப்பினார். கனமான நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார்.

அன்று இரவே மாமியாரின் முதல் குறிப்பை அதில் எழுத ஆரம்பித்தார்.