3 கோடி வருடங்களுக்கு முன் நுழைந்த வைரஸ்... கேன்சர் செல்லில் என்ன செய்கிறது?

கொரோனாவுக்குப் பிறகு, `வைரஸ்' என்ற வார்த்தையைக் கேட்டாலே கை தானாக சானிடைசரைத் தேடுகிறது. ஆனால், எந்த சானிடைசரும் எட்ட முடியாத இடத்தில், இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் டி.என்.ஏ-வுக்குள்ளேயே பழங்கால வைரஸ்களின் மிச்சம் இருக்கிறது. பதற வேண்டாம். உங்களுக்கு மட்டுமல்ல, உலகத்தில் எல்லோருக்கும் இருக்கிறது.

மனித டி.என்.ஏ-வில் சுமார் 8 சதவிகிதம் இப்படி வைரஸ்களிடமிருந்து வந்தது. உடம்புக்குத் தேவையான புரதங்களை உருவாக்கும் மரபணுப் பகுதியே 2 சதவிகிதத்துக்கும் குறைவுதான். முதன்முதலில் இதைப் படித்தபோது, எண்ணைத் தவறாகப் படித்துவிட்டேனோ என்று நானே இரண்டு முறை சரிபார்த்தேன்.

எப்படி உள்ளே வந்தது?

ரெட்ரோவைரஸ் என்று ஒரு வகை உண்டு. ஹெச்.ஐ.வி-யும் இந்தக் குடும்பம்தான். இவை தொற்றும் செல்லின் டி.என்.ஏ-வுக்குள் தங்கள் மரபணுவின் பிரதியைச் செருகிவிடும். சாதாரண செல் என்றால், அது சாகும்போது பிரதியும் அழிந்துவிடும். கருமுட்டையிலோ விந்தணுவிலோ செருகிவிட்டால்? அதில் பிறக்கும் குழந்தை, பேரக்குழந்தை என்று சொத்துபோல இறங்கிக்கொண்டே போகும். பல லட்சம், பல கோடி வருடங்களுக்கு முன் நம் மூதாதையருக்கு நடந்தது இதுதான். ஆஸ்திரேலியாவின் கோலா கரடிகளில் இது இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

காலப்போக்கில் இந்த வைரஸ் துண்டுகள் சிதைந்துவிட்டன. முழு வைரஸாக எழுந்து வந்து தொற்றும் சக்தி அவற்றுக்கு இல்லை. மிச்சமிருப்பதையும் நம் செல்கள் வேதிப் பூட்டு போட்டு அடக்கி வைத்திருக்கின்றன. சிலவற்றை உடம்பு தன் வேலைக்கே வைத்துக்கொண்டது. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி உருவாக உதவும் `சின்சிட்டின்' என்ற புரதம், ஒரு பழைய வைரஸின் மேலுறையிலிருந்து வந்தது என்பதை 2000-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நாம் பிறந்ததில் வைரஸுக்கும் ஒரு பங்கு!

பூட்டு தளரும்போது...

கேன்சர் செல்லில் எல்லா ஒழுங்கும் குலையும். இந்தப் பூட்டும் தளர்கிறது. மார்பகப் புற்றுநோய், மெலனோமா என்ற தோல் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய் எனப் பலவற்றில் இந்த வைரஸ் மரபணுக்களின் நடமாட்டத்தைப் பல வருடங்களாகவே ஆய்வாளர்கள் பார்த்துவந்தார்கள். அப்போதெல்லாம் விடை கிடைக்காத கேள்வி ஒன்றுதான்: இவை குற்றவாளியா, கலவரத்தில் கதவு திறந்ததால் வெளியே வந்த அப்பாவியா?

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகக் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பாதி பதில் சொல்கிறது. 21 வகைக் கேன்சர்களின் மரபணுத் தரவுகளை அலசியதில், எல்.டி.ஆர்.10 என்ற வைரஸ் எச்சம் சிக்கியது. சுமார் 3 கோடி வருடங்களுக்கு முன் நம் மூதாதையருக்குத் தொற்றிய வைரஸின் மிச்சம் அது. குடல் புற்றுநோய்க் கட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அது விழித்திருந்தது.

அது வைரஸை உண்டாக்கவில்லை. அக்கம்பக்கத்து மரபணுக்களை இயக்கும் ஸ்விட்ச்சாக வேலை பார்த்தது. `கிறிஸ்பர்' தொழில்நுட்பத்தால் அந்த ஸ்விட்ச்சை அணைத்தபோது, கட்டி வளர உதவும் சில மரபணுக்களும் அணைந்தன. எலிகளில் செய்த சோதனையில், ஸ்விட்ச் நீக்கப்பட்ட கட்டிகளைச் சுருக்கும் சிகிச்சை இன்னும் நன்றாக வேலை செய்தது. கேன்சரை ஆரம்பித்துவைத்தது இந்த வைரஸ் எச்சம் என்று ஆய்வு சொல்லவில்லை. ஆரம்பித்த கேன்சருக்குக் கைகொடுக்கிறது என்பதுதான் செய்தி.

காட்டிக்கொடுக்கவும் செய்யும்!

எனக்கு இதைவிட சுவாரஸ்யமாகப் பட்டது லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் 2023-ம் ஆண்டு ஆய்வு. நுரையீரல் புற்றுநோயில் விழித்துக்கொண்ட பழைய வைரஸின் புரதம், கட்டியின் செல்கள் மேல் தெரிகிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு, ஆன்டிபாடிகளை அனுப்பித் தாக்குகிறது. இம்யூனோதெரபி கொடுக்கும்போது இந்தத் தாக்குதல் வேகமெடுக்கிறது. ஒரே மருந்து சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை என்ற புதிருக்கு இதில் ஒரு விடை இருக்கலாம். யாருக்கு இம்யூனோதெரபி பலன் தரும் என்று முன்கூட்டியே கணிக்கவும், கேன்சர் தடுப்பூசிகள் தயாரிக்கவும் இது உதவுமா என்பதுதான் அடுத்த தேடல்.

அஸாசைட்டிடின் என்று ஒரு மருந்து ஏற்கெனவே சில ரத்த நோய்களுக்குக் கொடுக்கப்படுகிறது. அந்த வேதிப் பூட்டைத் தளர்த்துவது அதன் வேலை. பூட்டு தளர்ந்ததும் பழைய வைரஸ் எச்சங்கள் விழிக்க, `ஏதோ வைரஸ் தொற்றிவிட்டது' என்று கேன்சர் செல்லே ஏமாந்து அபாயமணி அடிப்பதை 2015-ல் வெளியான ஆய்வக ஆய்வுகள் காட்டின.

கேன்சர் வந்தவருக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்துவைக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. `கேன்சரில் வைரஸ்' என்ற தலைப்பு மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றினால், அந்தத் தட்டு இன்னும் தள்ளிப்போகும். இந்தப் பழைய வைரஸ் எச்சங்கள் தொடுவதாலோ, சேர்ந்து சாப்பிடுவதாலோ யாருக்கும் பரவாது. ஹெச்.பி.வி., ஹெபடைட்டிஸ் பி போல கேன்சரை உண்டாக்கக்கூடிய தொற்று வைரஸ்கள் வேறு. அந்த இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. வீட்டில் யாருக்காவது இம்யூனோதெரபி நடந்துகொண்டிருந்தால், இந்த ஆய்வுகளை நம்பி எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். சந்தேகம் இருந்தால், அடுத்த முறை போகும்போது உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.