உங்களுக்குத் தெரியுமா? மணியம் வரைந்த முகங்கள்
மாமல்லபுரத்தில் ஆதித்த கரிகாலனும் பார்த்திபேந்திரனும் கிழவர் மலையமானும் கூடிப் பேசும் காட்சி ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வருகிறது. 1950 முதல் 1954 வரை அதை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் படித்தவர்களுக்கு இவர்கள் முகமெல்லாம் மனப்பாடம். ஓவியர் மணியம் வரைந்த முகங்கள் அவை.

1958-இல் எம்.ஜி.ஆர். இந்த நாவலைப் படமாக்கும் உரிமையை வாங்கினார். படம் எடுக்கப்படவே இல்லை. ஆகவே அந்த முகங்களுக்கு எந்த நடிகர் பொருந்துவார் என்ற சண்டை 60 ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போய், இயக்குநர் மணிரத்னம் நாவலைப் படமாக்கியபோது வெடித்தது. நந்தினிக்கு ஐஸ்வர்யா ராயா, வந்தியத்தேவனுக்குக் கார்த்தியா என்று ஆளுக்கொரு தீர்ப்பு! உண்மையிலேயே சிக்கலான வேடம் ஆழ்வார்க்கடியான்தான். கதையில் அவன் குள்ளம், குண்டு. அவனாக நடித்த ஜெயராமோ நல்ல உயரம். வேடத்துக்காகத் தொப்பை வளர்த்துக்கொண்டார். படத்தில் அவர் வரும் இடமெல்லாம் கலகலப்பு.

பெரிய பழுவேட்டரையராக நடிக்க ரஜினிகாந்தே ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார். “உங்கள் ரசிகர்களிடம் யார் திட்டு வாங்குவது?” என்கிற பாணியில் மணிரத்னம் மறுத்துவிட்டாராம். 2022 செப்டம்பரில் படத்தின் இசை வெளியீட்டு விழா மேடையில் ரஜினியே சிரித்தபடி சொன்ன செய்தி இது. வேடம் சரத்குமாருக்குப் போனது.