பஹாமாஸ் கொடி, நம்மூர்ப் பயணிகள்

2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணிகளோடு கிளம்பிய 'எம்ப்ரஸ்' கப்பலில் பறந்தது பஹாமாஸ் கொடி. அதே துறைமுகத்திலிருந்து மூன்று நாள் பயணமாக அந்தமான் போகும் அரசுக் கப்பல்களிலோ மூவர்ணம்.

காரணம் எளிது. எந்த நாட்டுக் கொடியோ, கப்பலில் அந்த நாட்டுச் சட்டம். வரி குறைவு, ஊழியர்களை எந்த தேசத்திலிருந்தும் சல்லிசாக அமர்த்தலாம். வழிகாட்டியது, வேறென்ன, மதுதான்: 1922-ல் மதுவிலக்கிலிருந்து தப்பிக்க இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் பனாமா கொடிக்கு மாறின.

இந்தியத் துறைமுகங்களுக்கிடையே அந்நியக் கப்பல் ஓட 1958-ம் வருட வணிகக் கப்பல் சட்டம் தனி உரிமம் கேட்டது. உல்லாசக் கப்பல்களுக்காக அரசே அதைத் தளர்த்தியது. வைத்தியத்துக்கும் படிப்புக்கும் சென்னை வரும் தீவுவாசி நம்பியிருப்பது மானியக் கட்டண 'பங்க்' படுக்கையை. அதில் லாபம் இல்லை. கொடி மாற்றிக்கொண்டு வந்து அதைத் தர எந்தக் கம்பெனியும் வரிசையில் நிற்கவில்லை.