நீரில் நிற்கும் விசிறிப்பனை

நுழையும்முன்

கனியை நாடி மரத்தையே வீழ்த்தினால் என்ன நேரும்? அமேசான் மழைக்காட்டின் சதுப்புகளில் வளரும் பனை ஒன்றின் வாழ்வு இவ்வினாவிற்கு விடை தருகிறது.

பனை என்றதும் நம் கண்முன் தோன்றுவது செம்மண் தேரியும் வெயிலில் சலசலக்கும் ஓலையும்தாம். ஆனால், பனைக் குடும்பத்து மரங்களுள் நீரிலேயே நின்று வாழ்வனவும் உண்டு. தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளில் அத்தகைய விசிறிப்பனை ஒன்று கூட்டம் கூட்டமாக வளர்கிறது. பெரு நாட்டினர் அதனை 'அகுவாஹே' என்பர். பிரேசிலில் 'புரிட்டி' என்றும் வெனிசுவேலாவில் 'மொரிச்சே' என்றும் வழங்குவர். தாவரவியலார் இட்ட பெயர் 'மொரீசியா ஃபிளெக்சுவோசா' என்பதாகும்.

சதுப்பில் ஒரு வாழ்வு

இப்பனை 30 மீட்டர் வரை உயரக்கூடியது. கிளையற்ற அடிமரத்தின் உச்சியில், நீண்ட மட்டைகளின் நுனியில், வட்ட விசிறி போன்ற ஓலைகள் விரிந்து நிற்கும். நீர் தேங்கிய சதுப்பில் வேர்களுக்குக் காற்றுக் கிடைப்பது அரிது. எனவே, இப்பனையின் வேர்களுள் சில மேல்நோக்கி எழுந்து காற்றை உள்வாங்குகின்றன. இவற்றைச் சுவாச வேர்கள் என்பர். பிற மரங்கள் பலவும் வாழ இயலாத இடத்தில் இது தழைப்பதற்கு இத்தகவமைப்பு துணைசெய்கிறது.

உதிரும் ஓலையும் சாயும் மரமும் உயிர்வளி குறைந்த அந்நீரில் முழுவதும் மட்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவை படிந்து 'பீட்' எனப்படும் கரிமண்ணாகின்றன. பெருவின் பஸ்தாசா–மரன்யோன் படுகையில் இப்படிவு சில இடங்களில் 5 மீட்டருக்கும் மேற்பட்ட தடிமன் உடையது. காற்றில் கலந்தால் புவியை வெப்பமாக்கக்கூடிய கரிமம், அங்கே மண்ணுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பல்லுயிர்க்கும் உணவு

இதன் கனி நீள்வட்ட வடிவினது; செம்பழுப்பு நிறச் செதில்கள் போர்த்தியது. செதிலை நீக்கினால் மஞ்சளும் செம்மையும் கலந்த மெல்லிய சதை இருக்கும். உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் இச்சதையில் மிகுதி. செவ்வயிற்று மக்கா என்னும் கிளி இக்கனியையே பெரிதும் நம்பி வாழ்கிறது. நீலமஞ்சள் மக்கா, பட்டுப்போன பனையின் பொந்தில் முட்டையிடுகிறது. குறுந்துதிக்கையுடைய டாப்பிர் என்னும் விலங்கு கனியை உண்டு, விதையை வேறிடங்களில் பரப்புகிறது.

மனிதர்க்கும் இது வாழ்வாதாரம். ஒரினோகோ ஆற்றின் கழிமுகத்தில் வாழும் வராவோ மக்கள், இதன் அடிமரத்திலிருந்து மாவும் இளங்குருத்தோலையிலிருந்து தொங்குபடுக்கை பின்னும் நாரும் எடுக்கின்றனர். 1800ஆம் ஆண்டில் ஒரினோகோவில் பயணம் செய்த ஜெர்மானிய இயற்கையியலாளர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட், ஒரு மரத்தைச் சார்ந்து இத்தனை உயிர்கள் வாழ்வதை வியந்து எழுதினார்.

பெண்பனைக்கு நேர்ந்தது

நம் பனையில் அலகுப்பனை என்னும் ஆண்மரமும் பருவப்பனை என்னும் பெண்மரமும் தனித்தனியே இருப்பதுபோல, அகுவாஹேயிலும் இரண்டும் வேறு வேறானவை. பெண்மரமே காய்க்கும். பெருவின் அமேசான் பகுதியிலுள்ள இக்கிட்டோஸ் நகரில் இக்கனிக்குப் பெரும் வரவேற்பு உண்டு. தெருவோரக் கடைகளில் கனியாகவும் பானமாகவும் பனிக்கூழாகவும் அது விற்கப்படுகிறது. சதுப்பில் நின்று இத்தனை உயரத்திலுள்ள குலையைப் பறிப்பது கடினம். ஆதலால், கனி திரட்டுவோர் பலர் மரத்தையே வெட்டிச் சாய்த்தனர். அன்றாடப் பிழைப்பிற்காக அவர்கள் கண்ட எளிய வழி அது.

அதன் விளைவோ எளிதன்று. வெட்டப்படுபவை அனைத்தும் பெண்மரங்கள். அவற்றுள்ளும் மிகுதியாகக் காய்த்தவையே முதலில் வீழ்ந்தன. ஆண்மரங்கள் எஞ்சி நிற்பதால் தொலைவிலிருந்து காண்போர்க்குக் காடு பசுமையாகவே தோன்றும். உள்ளே சென்று பார்த்தால் கனியில்லை. கனியில்லாத இடத்தில் விதையுமில்லை, அடுத்த தலைமுறையுமில்லை. கிளிகள் உணவு தேடி வேறிடம் செல்லும். மக்களோ கனிக்காக மேலும் தொலைவு படகு செலுத்த நேரும்.

ஏறிப் பறிக்கும் வழி

இதற்கான தீர்வு வியப்பூட்டும் அளவிற்கு எளியது: மரத்தில் ஏறுதல். தளைநாரைக் காலில் மாட்டி ஏறும் நம் பனையேறிகளுக்கு இது புதிதன்று. பெருவில் உறுதியான வார்களை அடிமரத்தில் சுற்றி, இடுப்பில் பாதுகாப்புக் கச்சை அணிந்து ஏறுகின்றனர். பகாயா சமிரியா தேசியக் காப்பகத்தைச் சார்ந்த ஊர்கள் சிலவற்றில் இம்முறை பழக்கத்திற்கு வந்துள்ளது. வெட்டிய மரம் ஒரு முறையே பயன் தரும். ஏறிய மரம் பல ஆண்டுகள் பயன் தரும். மரம் நிற்பதால் கிளிக்கு உணவும் கரிமண்ணுக்குக் காப்பும் தொடர்கின்றன.

ஏறுவதற்குப் பயிற்சியும் கருவியும் வேண்டும்; கூடுதல் உழைப்பும் வேண்டும். அவ்வுழைப்பிற்கு உரிய விலையை வாங்குவோர் தந்தால்தான் இம்முறை நிலைக்கும். காட்டைக் காக்கும் கடமை அதனுள் வாழ்வோர்க்கு மட்டும் உரியதன்று. அதன் கனியைச் சுவைப்போர்க்கும் அதில் பங்குண்டு.

கற்பவை கற்றபின்

1. அகுவாஹே, பனை ஆகியவற்றின் வாழிடம், ஓலை, கனி, பயன் ஆகியவற்றை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் பகுதியில் பனையேறும் தொழில் செய்வோரிடம் உரையாடி, ஏறும் முறையையும் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.