நனையாத காகிதம்: தாய்லாந்துக் குடைகளின் அறிவியல்

நாளிதழ்த் தாள் ஒன்றை மழையில் நீட்டிப் பாருங்கள். சில நொடிகளில் அது நீரை உறிஞ்சித் துவண்டுவிடும். இலேசாக இழுத்தாலும் கிழிந்துவிடும். இத்தகைய காகிதத்தால் மழைக்குக் குடை செய்யலாம் என்றால் நம்புவீர்களா? வட தாய்லாந்தில் ஓர் ஊரே அப்படிச் செய்து புகழ் பெற்றிருக்கிறது.

அவ்வூரின் பெயர் போ சாங். சியாங் மாய் நகருக்குக் கிழக்கே சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில், சான் காம்பேங் மாவட்டத்தில் உள்ளது. பர்மா சென்ற பௌத்தத் துறவி ஒருவர் இக்கலையைக் கற்றுவந்து ஊராருக்குப் பயிற்றினார் என்பது அங்கு வழங்கும் கதை. ஆண்டுதோறும் சனவரியில் குடைத் திருவிழா நடைபெறுகிறது. வண்ணக் குடை பிடித்த பெண்கள் மிதிவண்டிகளில் ஊர்வலம் வருவதைக் காணப் பல நாட்டவரும் கூடுகின்றனர்.

காகிதம் பிறக்கும் விதம்

குடைக்கான காகிதத்தைத் தாய் மொழியில் ‘சா’ என்பர். பட்டுப்புழு உண்ணும் மல்பெரிக்கு உறவான ‘காகித மல்பெரி’ மரத்தின் உட்பட்டையே இதன் மூலப்பொருள். பட்டையை ஊறவைத்து, சாம்பல் நீரிலோ எரிசோடாக் கரைசலிலோ பல மணி நேரம் வேகவைக்கிறார்கள். நார்களைப் பிணைத்திருக்கும் பொருள்கள் காரத்தில் கரைந்து அகல்கின்றன. எஞ்சிய நாரை அடித்துக் கூழாக்கி நீர்த்தொட்டியில் கலக்கி, சட்டமிட்ட வலையால் அள்ளி வெயிலில் காயவைத்தால் காகிதம் கிடைக்கிறது.

இதில் பசை ஏதும் சேர்க்கவில்லையே, நார்கள் எவ்வாறு ஒட்டிக்கொள்கின்றன? நார் என்பது செல்லுலோஸ். அதன் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த தொகுதிகள் ஏராளம். நீர் வற்ற வற்ற நார்கள் நெருங்குகின்றன. இத்தொகுதிகள் ஒன்றையொன்று ஈர்த்து ‘ஹைட்ரஜன் பிணைப்பு’களை உண்டாக்குகின்றன. மரக்கூழின் நார் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். சா நாரோ சுமார் 10 மில்லிமீட்டர். ஒரு நார் பல நார்களைத் தொட்டுக் கிடப்பதால் தாள் எளிதில் கிழிவதில்லை.

ஆனால் இதே தொகுதிகள் நீரையும் ஈர்ப்பவை. நீர் புகுந்தால் நாருக்கும் நாருக்கும் இடையிலுள்ள பிணைப்புகள் அறுந்து, தாள் தன் வலிமையில் பெரும்பகுதியை இழக்கும். ஆகவே நீரை உள்ளே விடாமல் தடுப்பதே குடை செய்வோரின் முதற் கவலை.

எண்ணெய் செய்யும் வேலை

மூங்கில் விலாக்களின்மேல் காகிதத்தை ஒட்டுவதற்குப் பனிச்சை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் காய்ச்சாறு மரபாகப் பயன்பட்டது. அது காய்ந்தபின் ‘டங்’ எண்ணெய் பூசப்படுகிறது. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் விதையிலிருந்து கிடைப்பது இவ்வெண்ணெய்.

எண்ணெயில் நீர் ஒட்டாது என்பது மட்டும் இங்கே போதிய விடையாகாது. கணக்கிட்டுப் பார்ப்போம். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. ½ρv² என்னும் வாய்பாட்டின்படி அது மோதும்போது தரும் அழுத்தம் சுமார் 40,000 பாஸ்கல். அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. தாளில் 0.01 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் சுவரில் நீர் சற்றும் ஒட்டாவிட்டாலும், பரப்பு இழுவிசை தடுத்து நிறுத்தக்கூடிய அழுத்தம் சுமார் 14,000 பாஸ்கல்தான். துளி எளிதில் ஊடுருவிவிடும்! எனவே துளைகளையே அடைத்தாக வேண்டும்.

டங் எண்ணெய் இதைச் செய்கிறது. முதலில் நீர்மமாக இருந்து நுண்துளைகளில் இறங்குகிறது. பின்னர் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியான படலமாகிறது. ‘எண்ணெய் உலர்கிறது’ என்று சொன்னாலும் இங்கு ஆவியாவது ஏதுமில்லை; ஆக்சிஜன் சேர்வதால் தொடக்கத்தில் அதன் எடை கூடவே செய்கிறது. தேங்காயெண்ணெய்க்கு இப்பண்பு கிடையாது. ஒரு தாளில் தேங்காயெண்ணெயும், மற்றொன்றில் ஆளிவிதை எண்ணெயும் மெல்லத் தடவி, காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாரம் விரித்து வைத்துத் தொட்டுப் பாருங்கள், வேறுபாடு விளங்கும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். ஆக்சிஜன் ஏற்பால் தோன்றும் வெப்பம் உள்ளேயே தேங்கித் துணி தானே தீப்பற்றக்கூடும்.

குடை ஏன் ஒளிர்கிறது?

வெயிலில் விரித்த போ சாங் குடையின் கீழ் நின்றால், வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் அருகில் நிற்பது போலிருக்கும். வெறுங்காகிதத்தில் ஒளி, நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்குமாக மாறிமாறிச் செல்கிறது. செல்லுலோஸின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.53; காற்றுக்கு 1. ஒவ்வோர் எல்லையிலும் நூற்றில் 4 பங்கு ஒளி திரும்புகிறது. எல்லைகள் எண்ணற்றவை ஆதலால் ஒளி சிதறித் தாள் வெண்மையாய்த் தோன்றுகிறது. காற்று இருந்த இடத்தில் 1.52 எண்ணுள்ள எண்ணெய் புகுந்ததும் ஒவ்வோர் எல்லையிலும் திரும்பும் ஒளி இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. ஒளி நேரே ஊடுருவுகிறது. ஆய்வகத்தில் நீங்கள் கண்டிருக்கக்கூடிய எண்ணெய்ப் பொட்டு ஒளிமானியும் இத்தத்துவத்தில் அமைந்ததே.

வாங்குவோர் கையில்

மலிவான நைலான் குடைகள் வந்தபின் மழைக்காகக் காகிதக் குடை வாங்குவோர் அருகினர். போ சாங்கின் தொழிலை இன்று தாங்கி நிற்பவர்கள் சுற்றுலாப் பயணிகளே. கண்முன்னே பூவும் பறவையும் தீட்டும் ஓவியரைக் கண்டு வியந்து, தம் சட்டையையும் பையையும்கூட நீட்டி வரையச் சொல்கிறார்கள். கைவினைக்கும் நாட்டுப்புறக் கலைக்குமான யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் சியாங் மாய் 2017-இல் இடம்பெற்றது.

இதில் ஓர் இடரும் உண்டு. சுவரில் தொங்கும் குடை நனைவதில்லை. ஆகவே அதற்கு நல்ல எண்ணெய்ப் பூச்சும் தேவையில்லை. வாங்குவோர் ஓவியத்தை மட்டும் பார்த்தால், செய்வோரும் நாளடைவில் ஓவியத்தை மட்டுமே கவனிப்பர். எந்த எண்ணெய், எத்தனை பூச்சு, எவ்வளவு வெயில் என்னும் கைப்பழக்க அறிவு ஒரே தலைமுறையில் மறைந்துபோகலாம். எப்போதேனும் போ சாங் செல்ல வாய்த்தால், “இது மழைக்குத் தாங்குமா?” என்று கேட்டு வாங்குங்கள். நனைந்தால் விரித்தபடியே உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்தால் மடிப்பில் படலம் விரிசல் விடும், நீர் நாரைத் தொட்டுவிடும்.