விண்டோஸுக்குள் லினக்ஸ்: அன்றும் இன்றும்

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர் லினக்ஸில் நிரல் எழுதப் பழக வேண்டுமானால், ஒரு காலத்தில் முதலில் துணிச்சல் வேண்டும். வன்தட்டைப் பிரித்து, ஒரு பாதியில் லினக்ஸை ஏற்ற வேண்டும். பார்ட்டிஷன் திரையில் ஒரு தேர்வு தவறினால் குடும்பப் படங்களும் புராஜெக்ட் அறிக்கையும் சேர்ந்தே போய்விடும். உபுண்டு குறுந்தட்டு 2011 வரை கேட்டவருக்கெல்லாம் தபாலில் இலவசமாக வந்தது. தட்டு கைக்கு வந்தாலும், வீட்டில் இருப்பதே ஒரு கணினி என்றால் யார் துணிவார்கள்?

வன்தட்டைத் தொடாத வழி ஒன்றும் இருந்தது. 1995இல் சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்கிய சிக்வின், யூனிக்ஸ் கருவிகளை விண்டோஸுக்கென்றே கம்பைல் செய்து தந்தது. பெரிய உழைப்பு அது. ஆனால் யூனிக்ஸில் ஒரு நிரல் தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொள்ளும் ஃபோர்க் என்ற வசதிக்கு விண்டோஸில் நேரான இணை கிடையாது. சிக்வின் அதைச் சுற்றிவளைத்தே செய்ய வேண்டியிருந்ததால், ஷெல் ஸ்கிரிப்டுகள் ஊர்ந்தன. 2007இல் விர்ச்சுவல்பாக்ஸ் வந்தது. முழு லினக்ஸும் ஒரு ஜன்னலுக்குள் ஓடியது. அன்றைய கணினியின் 2 ஜிபி நினைவகத்தை இரண்டு இயங்குதளங்கள் பங்குபோட்டதில் இரண்டுமே திணறின.

லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டு மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் பேசியது 2001இல். அதே நிறுவனம் 2016இல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸுக்கு இடம் கொடுத்தது. டபிள்யூஎஸ்எல் என்ற அந்த ஏற்பாட்டின் முதல் பதிப்பு, லினக்ஸ் அழைப்புகளை விண்டோஸ் அழைப்புகளாக மாற்றிக் கொடுத்தது. 2020இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கர்னலே ஓடுகிறது.

இன்று டபிள்யூஎஸ்எல்லை நிறுவ ஒரே கட்டளை, ஒரு ரீஸ்டார்ட், பிறகு பயனர்பெயரும் கடவுச்சொல்லும், அவ்வளவுதான். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை பழுது என்று புதியவர்கள் நினைத்துவிடுவார்கள். அது பழுதல்ல, லினக்ஸின் வழக்கம். விஎஸ் கோட் எடிட்டரின் ஜன்னல் விண்டோஸில் திறந்திருக்க, கம்பைலர் லினக்ஸில் ஓடும். நிறுவுவதிலேயே களைத்துப்போன மாணவர்கள் அன்று எத்தனையோ பேர். இன்று முதல் நாளே நிரல் எழுத உட்கார முடிகிறது. இது பெரிய விடுதலை என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும் இரண்டு இயங்குதளங்களுக்கும் நடுவே எல்லைக்கோடு அப்படியேதான் இருக்கிறது. சி டிரைவில் புராஜெக்டை வைத்துக்கொண்டு லினக்ஸிலிருந்து ஓட்டினால், ஒவ்வொரு கோப்பும் அந்தக் கோட்டைத் தாண்டி வர வேண்டும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் கொண்ட நோட்.ஜேஎஸ் புராஜெக்ட் என்றால் பொறுமை போய்விடும். வரி முடிவிலும் வேறுபாடு உண்டு: விண்டோஸ் இரண்டு குறிகள் இடும், லினக்ஸ் ஒன்றுதான் இடும். நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்டை லினக்ஸில் ஓட்டினால், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று பிழை வரக்கூடும்.

ஆய்வகத்தில் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் கட்டளையை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போட்டு நகர்ந்துவிட வேண்டாம். கோப்புகளை லினக்ஸின் ஹோம் அடைவில் வைக்க முதல் வகுப்பிலேயே பழக்குங்கள். டபிள்யூஎஸ்எல்லின் இரண்டாம் பதிப்பு இயல்பாகவே நினைவகத்தில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி மடிக்கணினியோடு வரும் மாணவருக்கு அந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளவும் கற்றுக்கொடுங்கள்.