சரக்கு ஒன்றுதான், கேஜ்தான் வேறு

வெலிங்டன் தீவின் பெரும்பகுதி மனிதன் உண்டாக்கிய நிலம் என்பது நம் அன்பர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். 1920-ல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர், பெரிய கப்பல்கள் உள்ளே வருவதற்காகக் காயலை ஆழப்படுத்தினார். தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான் இந்தத் தீவு. துறைமுகம் வளர வளர, சுமை தூக்கவும் கட்டட வேலைக்கும் நம் தென் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தீவை அடுத்த வாத்துருத்தியில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்கின்றன.

ரயில்வே உத்தியோகத்தில் இருந்தபோது ஹார்பர் லைன் பராமரிப்புக்காக வாத்துருத்தி கேட்டைப் பலமுறை கடந்திருக்கிறேன். உள்ளே போய் உட்கார்ந்து பேசியது ஓய்வு பெற்ற பிறகுதான். ஞாயிறு மாலைகளில் நானும், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையும், கல்லூரி மாணவர் இருவரும் அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் மலையாள எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறோம். சம்பளமும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது.

முதல் வாரம் வந்தவர்களில் சுமைத் தொழிலாளி ஒருவர். வயது ஐம்பதுக்கு மேல். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார். மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஓர் எழுத்துத் தெரியாது. "அண்ணாச்சி, எந்த வார்த்தையை முதலில் படிக்க ஆசை?" என்று கேட்டேன். அவர் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். "ஜாமியம்னு எழுதிக் காட்டுங்க சார்" என்றார்.

விஷயம் இதுதான். சில வருடங்களுக்கு முன் கூட வேலை செய்த ஒருவர், "ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடு" என்று கடன் கொடுக்கும் ஓர் இடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். இவரும் போட்டுவிட்டார். கடன் வாங்கியவர் ஊரை விட்டுப் போனதும் நோட்டீஸ் இவர் வீட்டுக்கு வந்தது. தாளில் இருந்தது சாட்சி அல்ல, ஜாமியக்காரன். இரண்டு வருடத்துக்கு மேல் கூலியில் பிடித்துப் பிடித்துக் கட்டினார். மகளின் படிப்பு அதோடு நின்றது.

ஜாமீன் என்ற சொல் தமிழனுக்குத் தெரியாதா? யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

ஒரு பழைய ரயில்வே செய்தி நினைவுக்கு வருகிறது. 1902-ல் ஷோரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்குப் போட்ட பாதை மீட்டர் கேஜ்; ஷோரனூரை வந்தடைந்ததோ பிராட் கேஜ். சரக்கையெல்லாம் அங்கே இறக்கி, வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். நம்மவர் நிலையும் அதுதான். சரக்கு கைவசம் இருக்கிறது; மாற்றி ஏற்றுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. அ, ஆ, இ, ஈ வரிசை ஒன்றேதான். ழகரமும் றகரமும் அங்கேயும் உண்டு. தடுமாற்றம் நம் ஒரு 'க'வுக்கு அங்கே நான்கு எழுத்து நிற்கும்போதுதான். பொருள் மாறும் சொற்களும் உண்டு. பள்ளியில் நாளை 'அவதி' என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். விடுமுறை என்று பொருள். 'பனி' என்றால் காய்ச்சல். இதில் சிரிப்பும் கும்மாளமுமாக வகுப்பு நடக்கும்.

இந்த வழி நமக்குப் புதிதல்ல. 1989-ல் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் சேர்ந்து எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கின. சுமார் 20,000 தொண்டர்கள் சம்பளமின்றி வீட்டுத் திண்ணைகளில் பாடம் நடத்தினார்கள். முதியவர்களுக்கு எழுத்தே தெரியவில்லை என்று கண்டு ஆயிரக்கணக்கில் மூக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். 1990 பிப்ரவரி 4-ந் தேதி முழு எழுத்தறிவு மாவட்டம் என்ற அறிவிப்பு வந்தது. அதைப் பார்த்துத்தான் நம் அறிவொளி இயக்கமும் எழுந்தது. 1991-ல் புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டதை மறக்க முடியுமா?

கேரள எழுத்தறிவு மிஷன் 2017-ல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற திட்டத்தை வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது. சங்ஙாதி என்றால் நண்பன். நம் சங்காத்தம் என்ற சொல்லுக்கு உறவு. 'ஹமாரி மலையாளம்' என்ற அதன் பாடநூலின் பெயரே சொல்வது போல, அது இந்தி அறிந்தவரை மனத்தில் வைத்தது. தமிழ் வழியாகச் சொல்லிக் கொடுக்க நாம்தான் முன்வர வேண்டும்.

நம் சங்கத்தில் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் குறைவின்றி நடக்கின்றன. ஆங்கிலமும் இந்தியும் தெரிந்ததால் நமக்கு இந்த ஊரில் காலம் ஓடிவிட்டது. சுமை தூக்கும் தம்பிக்கு அது போதாது. வாரம் ஒரு மணி நேரம் தரக்கூடிய அன்பர்கள் பத்துப் பேர் கிடைத்தால் இன்னும் இரண்டு திண்ணைகளில் வகுப்புத் தொடங்கலாம்.

அந்த அண்ணாச்சி இப்போது பஸ் போர்டும் ரேஷன் கடை அறிவிப்பும் தாமே வாசிக்கிறார். சென்ற மாதம் வேறொருவர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாராம். "கண்ணாடியை எடுத்துட்டு வரேன், இரு" என்றாராம் இவர். திரும்பி வந்து பார்த்தால் தாளையும் காணோம், ஆளையும் காணோம்.